பட்டாளம் விட்டு வந்தவர்கள்: கொங்கு நாட்டில் படைவீரர் குடும்ப உதவியின் வரலாறு

போரில் விழுந்தவனின் குடும்பத்தை ஊர் தாங்க வேண்டும் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் கல்வெட்டுக் காலத்திலேயே வழக்கில் இருந்தது. வெட்சித் திணையில் நடுகல் நிறுத்தும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று படிப்படியாகச் சொல்கிறது. இறந்தவனுக்கு ஊர் செய்த கடன் அது. இருந்தவர்களுக்கு ஊர் செய்த கடனைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆநிரை மீட்கும் சண்டையிலோ ஊர்க் காவலிலோ உயிர் விட்டவனின் வாரிசுகளுக்கு வரி நீக்கி நிலம் விடப்பட்டது. அந்நிலத்துக்கு உதிரப்பட்டி என்றும் நெத்தர்பட்டி என்றும் பெயர். கொங்குக்கு வடக்கே கன்னட நாட்டிலும் இதே கொடை உண்டு. அங்கேயும் பெயரில் இரத்தம் இருந்தது.

கொங்கு நாட்டில் நடுகல்லோடு புலிகுத்திக்கல்லும் ஏராளம். பட்டியைக் காக்கப் புலியோடு மோதி இறந்தவனும் ஊர் மதிப்பில் படைவீரனே. கல்லில் அவன் ஈட்டியோ வாளோ ஏந்தி நிற்பான். எதிரே புலி எழும்பி நிற்கும். அந்தக் கற்களில் பல இன்றும் குலதெய்வமாகவோ காவல் தெய்வமாகவோ வழிபடப்படுகின்றன. மானிய நிலம் மட்டும் நிலைக்கவில்லை. ஆட்சி மாறும்போதெல்லாம் வரிநீக்கம் மறுபரிசீலனைக்கு வந்தது. கல்லை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, நிலத்தை எல்லோரும் எடுத்தார்கள்.

பாளையக்காரர் காலத்திலும் படை ஊழியத்துக்குக் கூலி பெரும்பாலும் நிலமாகவே இருந்தது. கட்டுபடி ஆட்கள் எனப்பட்டவர்கள் குறைந்த தீர்வையில் நிலம் உழுது, அழைக்கும்போது ஆயுதம் எடுத்தார்கள். இறந்தால் மகன் அதே நிலத்தையும் அதே கடமையையும் ஏற்றான். இதில் ஓய்வூதியம் என்ற பேச்சுக்கே இடமில்லை, குடும்பத்தின் கையில் நிலம் இருந்தது. 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்து கோயம்புத்தூர்ச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது இந்த ஏற்பாடு குலைந்தது. கம்பெனிக்கு வேண்டியது ரயத்துவாரித் தீர்வையும் சம்பளப் பட்டாளமும். பாளையங்களின் ஆயுத ஆட்கள் கலைக்கப்பட்டனர். படைவீரனின் குடும்பத்துக்கும் அரசுக்கும் இடையே இருந்த உறவு மண்ணிலிருந்து ரொக்கத்துக்கு மாறியது இப்போதுதான்.

மதராஸ் பட்டாளத்தில் தொண்டுப் பணம் முதலில் வெள்ளைக்காரர்களுக்கே போனது. மீர் ஜாபர் தனக்கு எழுதிவைத்துப் போன 5 லட்சம் ரூபாயைக் கொண்டு இராபர்ட் கிளைவ் 1770-ல் ஏற்படுத்திய நிதி, உடல் நலிந்த கம்பெனி அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் அவர்கள் விதவையருக்கும் உதவியது. பயன் பெற்றவர்கள் ஐரோப்பியர். வங்காளத்து நவாபின் பணம் சீமையிலிருந்து வந்தவர்களின் விதவைகளைக் காத்தது. அனாதைப் பிள்ளைகளுக்காக 1780-களின் பிற்பகுதியில் சென்னையில் எழுந்த ராணுவ அனாதை இல்லங்களும் ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கானவை. ஆண்பிள்ளைகள் இல்லத்தில்தான் ஆண்ட்ரூ பெல், பெரிய மாணவனைக் கொண்டு சிறிய மாணவனுக்குப் பாடம் சொல்லும் முறையை நடத்தினார். திண்ணைப் பள்ளியில் கண்ட அந்த முறை பின்னர் இங்கிலாந்து வரை போயிற்று.

நாட்டுச் சிப்பாய்க்கு வேறு ஏற்பாடு. மதராஸ் ரெஜிமெண்டுகளில் குடும்பமும் பட்டாளத்தோடே ஊர் ஊராகப் போகும். சிப்பாய் கடல் கடந்து போகும்போது சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுக்கு ஒதுக்கி ஒரு சான்று எழுதிக் கொடுப்பான்; மனைவியோ தாயோ அதைக் காட்டி மாதாமாதம் பணம் பெறுவாள். 1824-ல் தொடங்கிய பர்மா போரின்போது இப்படிக் காத்திருந்த குடும்பங்கள் ஏராளம். இறந்த சிப்பாயின் மகனைச் சிறுவயதிலேயே பட்டாளப் பட்டியலில் சேர்த்து அரைச் சம்பளம் போலச் சிறு தொகை கொடுத்து வளர்க்கும் வழக்கமும் இருந்தது. வயது வந்ததும் அவன் அதே பட்டாளத்தில் சிப்பாய். நலிந்தவனுக்கு ஓய்வூதியம், போரில் இறந்தவனின் வாரிசுக்கு ஒரு தொகை என்ற விதிகளும் படிப்படியாக வந்தன. கருணையும் ஆள்சேர்ப்பும் இவற்றில் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. வீட்டில் அடுப்பு எரியும் என்று தெரிந்தால்தான் சிப்பாய் கப்பல் ஏறுவான் என்பது கம்பெனிக்குத் தெரியும்.

பொதுமக்களிடம் பணம் திரட்டிப் படைவீரர் குடும்பத்துக்கு உதவும் வழக்கம் பெரிய அளவில் வந்தது முதல் உலகப் போரில். 1914-ல் வைஸ்ராய் ஹார்டிங் தொடங்கிய இம்பீரியல் இந்திய நிவாரண நிதியும், ஆளுநர் பெண்ட்லண்ட் காலத்து மதராஸ் போர் நிதியும் மாகாணம் முழுவதும் வசூலித்தன. ஜமீன்தார்கள், மிராசுதார்கள், வணிகர்கள், வக்கீல்கள் கொடுத்த பணத்தில் ஒரு பயணிகள் கப்பல் மருத்துவக் கப்பலாக மாற்றப்பட்டு 'மதராஸ்' என்ற பெயரில் ஓடியது. மெசப்பொட்டேமியாவில் காயம்பட்டவர்களை அது பம்பாய்க்குக் கொண்டுவந்தது. கைகால் இழந்தவர்களுக்குத் தொழில் கற்பிக்க 1917-ல் பம்பாயில் லேடி வில்லிங்டன் முன்னின்று தொடங்கிய ராணி மேரி தொழிற்பள்ளி பின்னர் புனே அருகே கட்கிக்கு மாறி இன்றும் நடக்கிறது. தையல், தச்சு, இயந்திர வேலை என்று கற்றுக்கொடுத்து ஆளை ஊருக்கு அனுப்பினார்கள். அக்காலத்து உதவிகளிலேயே இதுதான் அதிகப் பொருளுடையது: உதவி பெற்றவன் மறுபடியும் கையேந்த வேண்டியதில்லை.

போர் முடிந்ததும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் சிறு கல்பலகைகள் பதிக்கப்பட்டன. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று மட்டும் அவை சொல்லும். பெயர் இல்லை, எண்ணிக்கை மட்டும். நடுகல்லில் உருவமும் பெயரும் குலமும் எதிரியின் பெயரும் வெட்டிய நாட்டில் இப்பலகைகளின் வறுமை கண்ணை உறுத்துகிறது. பெயர்கள் வேறிடங்களில் இருக்கின்றன: பாஸ்ராவில், பிரான்சின் நூவ் ஷப்பேலில், டில்லி இந்தியா கேட்டில். இறந்தவர்களின் உடல் ஊர் திரும்பவில்லை.

1919-ல் இந்தியச் சிப்பாய்கள் வாரியம் அமைந்தது. போர்க்காலத்தில் ஆள் சேர்த்த மத்திய வாரியமே போர் முடிந்ததும் வேறு வேலைக்குத் திரும்பியது. சேர்த்த ஆட்கள் வீடு திரும்பும்போது அவர்களையும் அவர்களை நம்பியிருந்தோரையும் கவனிப்பது அதன் பொறுப்பாயிற்று. மாவட்டந்தோறும் கலெக்டர் தலைமையில் கிளை வாரியங்கள் ஏற்பட்டன. இன்றைய மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு முன்னோடி இதுவே. எடுத்துக்காட்டாக, காவிரிக்கரை ஊரான கொடுமுடி அன்று ஈரோடு தாலுகாவில், கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அங்கிருந்து கலெக்டர் கச்சேரிக்கு மனு கொண்டுபோக வேண்டியவர், திருச்சி–ஈரோடு இருப்புப்பாதையில் ஏறி ஈரோடு சேர்ந்து அங்கிருந்து கோவைக்கு வண்டி மாற வேண்டும். 1979-ல் ஈரோடு தனி மாவட்டமாகும் வரை இந்தத் தூரம் குறையவில்லை.

வாரியம் வந்தது, ஆனால் மதராஸ் காலாட்படை போயிற்று. வடமேற்குப் பகுதி இனங்களே போருக்கு ஏற்றவை என்ற கொள்கை வலுத்து, மதராஸ் ரெஜிமெண்ட் 1920-களில் ஒவ்வொரு பட்டாலியனாகக் கலைக்கப்பட்டது. மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியாளர் படை மட்டும் பெங்களூரில் நிலைத்தது. பஞ்சாபில் கால்வாய்ப் பாசன நிலங்களைப் படைவீரர்களுக்குப் பிரித்துக் கொடுத்த அதே அரசு, மதராசுக்கு அப்படியொரு குடியேற்றத்தைச் செய்யவில்லை. பட்டாளம் இல்லாத இடத்தில் பட்டாளத்துச் சங்கமும் இல்லை. போர் நினைவு நாளான நவம்பர் 11-ந் தேதி பாப்பிப் பூ விற்றுச் சேர்த்த பணமும் பெரும்பாலும் நகரத்து ஐரோப்பியர் வட்டத்தோடு நின்றது.

இரண்டாம் உலகப் போர் இதைத் தலைகீழாக்கியது. 1941-ல் மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் எழுந்தது. இந்தியப் படை 25 லட்சமாக வளர்ந்தபோது, ஆள் கொடுத்ததில் பஞ்சாபுக்கு அடுத்த இடம் மதராஸ் மாகாணத்துக்கு. கொங்கு நாட்டு மானாவாரிக் காடுகளிலிருந்தும் நெசவுத் தெருக்களிலிருந்தும் இளைஞர்கள் காலாட்படைக்கு மட்டுமல்ல, சாப்பர், பயனியர், சப்ளை, மோட்டார் வண்டிப் பிரிவுகளுக்கும் போனார்கள். மாதம் பிறந்தால் மணியார்டர். ரொக்கம் அருமையாக இருந்த மானாவாரிக் குடும்பத்தில் அந்தப் பணம் கடனை அடைத்தது, கிணற்றை ஆழப்படுத்தியது.

இந்தப் போரில் செய்த ஒரு ஏற்பாட்டின் பயன் இன்றுவரை தொடர்கிறது. போரிடும் வீரன் ஒவ்வொருவர் பெயராலும் மாதம் 2 ரூபாயும், போரிடாத பிரிவினர் பெயரால் 1 ரூபாயும் அரசு தனியே ஒதுக்கி வைத்தது. போருக்குப் பிந்திய மறுவாழ்வு நிதி என்ற அந்தத் தொகையை மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஆளுக்குக் கொடுக்காமல், திரும்பி வரும் எல்லோருக்கும் பொதுவாகச் செலவிட வேண்டும் என்பது ஏற்பாடு. தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் இன்று 'தொகுப்பு நிதி' என்று சொல்லி மனுச் செய்யும் நிதியின் வேர்களில் இதுவும் ஒன்று. பேரன் கல்லூரிக் கட்டணத்துக்குப் பெறும் உதவித்தொகையில், பர்மாக் காட்டில் பாலம் கட்டியவனின் இரண்டு ரூபாயும் சேர்ந்திருக்கிறது.

1945 ஜூலையில், படையிலிருந்து விடுவிக்கப்படுவோருக்கு வேலை தேடித்தர நாடெங்கும் அலுவலகங்கள் திறக்கப்பட்டன. தமிழ்நாட்டில் பள்ளி முடித்த ஒவ்வொருவரும் பதிவு செய்த வேலைவாய்ப்பு அலுவலகம் இப்படித்தான் பிறந்தது. 1948-ல்தான் அது மற்றவர்களுக்கும் திறந்தது. மதராஸ் மாகாணத்தில் முன்னாள் வீரர்கள் சேர்ந்து லாரியும் பஸ்ஸும் ஓட்டும் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார்கள். பட்டாளத்தில் வண்டி ஓட்டவும் இஞ்சின் பிரிக்கவும் கற்றவர்களுக்குப் பொருத்தமான வழி அது. மலபார் மாவட்டத்து வயநாட்டில் அம்பலவயல், சுல்தான் பத்தேரிப் பக்கம் காட்டை அழித்து முன்னாள் வீரர்களைக் குடியேற்றும் திட்டமும் வந்தது. அங்கே முன்பே வாழ்ந்த பழங்குடியினர் அதன் விலையைக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சமவெளியில், வருவாய் வாரிய நிலையாணை 15-ன்படி அரசுத் தரிசை ஒப்படை செய்யும்போது படைவீரர்க்கு முன்னுரிமை உண்டு. கொடுமுடி போன்ற ஆற்றோர ஊர்களில் இந்த முன்னுரிமைக்குப் பயன் குறைவு. காவிரிக்கும் காலிங்கராயன் வாய்க்காலுக்கும் இடைப்பட்ட மண்ணில் தரிசு என்று சொல்ல என்ன இருக்கிறது? நெல்லும் மஞ்சளும் கரும்பும் வாழையும் விளையும் நிலம் தலைமுறைகளுக்கு முன்பே பட்டாவாகிவிட்டது. மேட்டாங்காட்டிலும் மலையடிவாரத்திலும்தான் ஒப்படைக்க நிலம் இருந்தது. உதிரப்பட்டியை நினைவூட்டும் இந்த ஏற்பாடு, நீர் இருந்த இடத்தில் நிலமில்லாமலும் நிலம் இருந்த இடத்தில் நீரில்லாமலும் தேய்ந்தது.

1946-ல் வீடு திரும்பியவர்களில் பெரும்பாலோர் நான்கைந்து ஆண்டு சேவை செய்தவர்கள். ஓய்வூதியத்துக்கு வேண்டிய ஆண்டுகள் அவர்களுக்கு இல்லை. கையில் ஒரு தொகை, ரயில் பாஸ், டிஸ்சார்ஜ் புத்தகம். அத்தோடு கணக்கு முடிந்தது. இளமையில் அது பெரிதாகத் தெரியவில்லை. அறுபதைத் தாண்டி, காட்டு வேலை செய்ய முடியாத வயதில், பக்கத்து வீட்டு ஹவில்தார் மாதாமாதம் பென்சன் வாங்குவதையும் தனக்கு ஒன்றுமில்லை என்பதையும் பார்த்தபோது தெரிந்தது. படைவீரர் தொண்டு நிறுவனங்களின் வரலாற்றில் இந்தக் கோடுதான் முக்கியமானது. கோட்டுக்கு இந்தப் பக்கம் உரிமை, அந்தப் பக்கம் மனு. வாரியங்களும் கொடி நாள் பணமும் சங்கங்களும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் நின்றவர்களுக்காகவே வேலை செய்திருக்கின்றன. ஓய்வூதியம் இல்லாத முதிய வீரர்களுக்கு மத்திய வாரியம் தரும் வறுமை நிவாரணமும், இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்கள் விதவையருக்கும் தமிழ்நாடு அரசு தந்த மாத உதவியும் இந்த இடைவெளியை அடைக்க வந்தவை.

இன்னொரு கூட்டமும் இருந்தது. மலாயாவிலும் பர்மாவிலும் தோட்டங்களிலும் கடைகளிலும் வேலை செய்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். பிரிட்டிஷ் பட்டாளத்திலிருந்து அதில் சேர்ந்தவர்கள் பழைய சேவையின் பயன்களை இழந்தார்கள். 1945-46-ல் அவர்களுக்காகப் பொதுமக்கள் நிதி திரட்டினார்கள், உதவிக் குழு அமைந்தது. ஆனால் முன்னாள் படைவீரர் என்ற பட்டியலில் அவர்கள் இடம்பெறவில்லை. 1972-ல் மத்திய அரசு தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியமே அவர்களில் பலருக்கு முதல் நிலையான வருமானம். ஒரே போரில் எதிரெதிரே நின்ற இரண்டு தமிழ் வீரர்கள் முதுமையில் இரண்டு வேறு அலுவலகங்களின் வாசலில் காத்திருக்க வேண்டியிருந்தது.

விடுதலைக்குப் பின் பாப்பி தினத்தின் இடத்தில் கொடி நாள் வந்தது. பாதுகாப்பு அமைச்சரின் குழு 1949 ஆகஸ்டில் எடுத்த முடிவின்படி அவ்வாண்டு முதல் டிசம்பர் 7 படைவீரர் கொடி நாள். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று முப்படைகளைக் குறிக்கும் சிறு தாள்கொடி. பள்ளிப் பிள்ளைகள் சட்டையில் குத்திக்கொள்ளும் சிறிய கொடி, காருக்கு ஒட்டும் பெரிய கொடி, கடைக்கு உண்டியல் என்று விதங்கள். தமிழ்நாட்டில் இந்த வசூல் கலெக்டர் வழியாக நடப்பதால் அது மக்கள் தொண்டாகவும் அரசு வேலையாகவும் ஒருசேர இருக்கிறது. மாவட்டத்துக்கு ஓர் இலக்கு, அது துறைகளுக்கும் பள்ளிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் பிரியும். தாலுகா அலுவலகத்தில் கொடித்தாள்கள் கட்டாக வந்து இறங்கும். தலைமை ஆசிரியர் எண்ணி வாங்குவார். வகுப்பாசிரியர் பிள்ளைகளிடம் காசு சேர்த்து, விற்காத கொடியைத் திருப்பாமல் தன் கைப்பணத்தைப் போட்டுக் கணக்கை நேர் செய்வதும் உண்டு. இலக்கு வைத்துத் தானம் கேட்பது தானமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இந்த முறையால்தான் வசூலில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது என்பதும் உண்மை. 1993-ல் போரில் குடும்பத்தலைவரை இழந்தோர் நிதி, கொடி நாள் நிதி, பார்வையிழந்த வீரர்களுக்கான புனித டன்ஸ்டன் நிதி முதலியவை மத்தியில் ஒரே கொடி நாள் நிதியாக இணைக்கப்பட்டன.

1962, 1965, 1971 ஆகிய மூன்று போர்களும் விதவையர் நிலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. சீனப் போரின்போது தேசியப் பாதுகாப்பு நிதிக்குத் தாலிக்கொடி வரை கழற்றிக் கொடுத்த பெண்கள் நாடெங்கும் உண்டு. அதே நாட்டில், ஓய்வு பெற்று வந்த வீரர் வீட்டில் இயற்கையாக இறந்தால் மனைவிக்கு ஓய்வூதியம் தொடர்வது 1964 ஜனவரியில் வந்த குடும்ப ஓய்வூதியத் திட்டத்தால்தான் உறுதிப்பட்டது. அதற்கு முன் ஓய்வு பெற்ற அரசு ஊழியர்களின் மனைவியருக்கும் அது சேர வேண்டும் என்பதற்கு 1985-ல் பூனம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வர வேண்டியிருந்தது. 1966-ல் ராணுவ வீரர் மனைவியர் நலச்சங்கம், 1971 போரை அடுத்து 1972-ல் மோகினி கிரி தலைமையில் டில்லியில் போர் விதவையர் சங்கம் என்று பெண்களே நடத்தும் அமைப்புகள் எழுந்தன. தையல் இயந்திரமும் கருணைத் தொகையும் கொடுப்பதோடு நிற்காமல், அந்தப் பெண்ணுக்கு வேலை, பிள்ளைக்குப் படிப்பு, மறுமண உரிமை என்று அவை கேட்டன. போரில் இறந்தவர் மனைவிக்குத் தாராளமாக்கப்பட்ட குடும்ப ஓய்வூதியம் வந்ததும் இந்தக் காலத்தில்தான்.

கொங்கு நாட்டுக்கு இக்காலத்தில் கிடைத்த பெரிய நிறுவனம் உடுமலைப்பேட்டை அருகே அமராவதி நகரில் 1962-ல் தொடங்கிய சைனிக் பள்ளி. அமராவதி அணைக்குப் பக்கத்தில் அமைந்த அந்தப் பள்ளியில் படைவீரர் பிள்ளைகளுக்கு 25 விழுக்காட்டு இடம் உண்டு. நீலகிரி மேலே வெல்லிங்டனில் 1947 முதல் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையமும் ஆவண அலுவலகமும் இருக்கின்றன. சூலூரில் விமானப்படைத் தளம், மதுக்கரையில் ராணுவ முகாம், கோவையில் பிராந்திய ராணுவத்தின் 110-வது பட்டாலியன். கேண்டீன், ராணுவ மருத்துவமனை, ஆவணத் திருத்தம் எல்லாம் அரை நாள் பஸ் பயணத்தில் கிடைக்கும் வசதி தென்மாவட்டத்து வீரர்களுக்கு இல்லை.

வாரியமும் கொடி நாளும் மேலிருந்து வந்தவை. வீரர்களே அமைத்துக்கொண்ட சங்கம் வேறு வகை. 1921-ல் கேப்டவுனில் பிரிட்டிஷ் பேரரசின் முன்னாள் படைவீரர் அமைப்புகள் கூடி ஒரு லீகை அமைத்தன. இந்தியாவில் ஜெனரல் கரியப்பா 1964-ல் முன்னாள் படைவீரர் லீகை உருவாக்கினார். குடகிலிருந்து வந்த அந்தத் தளபதி, ஓய்வுக்குப் பின் ஊர் ஊராகப் போய்ப் பழைய சிப்பாய்களைக் கண்டு பேசியவர். லீக் மாநிலக் கிளைகளாகவும் மாவட்டக் கிளைகளாகவும் பரவியது. அதன் நிழலிலும் அதற்கு வெளியிலும் ஈரோடு, கோவை, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் வட்டம்தோறும் முன்னாள் படைவீரர் நலச்சங்கங்கள் ஏற்பட்டன.

இச்சங்கங்கள் செய்யும் வேலையில் முக்கால் பங்கு காகித வேலை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஒரு குடும்பம் பிழைப்பதும் வீழ்வதும் இதில் இருக்கிறது. சிப்பாய் பட்டாளத்தில் சேரும்போது எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயர் ஒன்று. கல்யாணமானபின் மனைவி பெயரைப் பதிய வேண்டும். பகுதி 2 ஆணை என்ற அந்தப் பதிவு நடக்காமலே பலர் ஓய்வு பெற்றார்கள். வீட்டில் பாப்பாத்தி என்று அழைக்கப்படுபவர் ரேஷன் அட்டையில் ஒரு பெயராகவும் ஆதாரில் இன்னொரு பெயராகவும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மூன்றாவது பெயராகவும் இருப்பார். கணவர் இறந்த மறுமாதம் பென்சன் நிற்கும். மூன்று பெயரும் ஒருவருடையதே என்று தாசில்தார் சான்று, வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, ஓய்வூதிய ஆணை (பி.பி.ஓ.) நகல், கூட்டுப் புகைப்படம் எல்லாம் சேர்த்து ஆவண அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் போய்த் திரும்பி வர மாதங்கள் ஆகும். இந்தப் பாதை முழுவதையும் மனப்பாடமாக அறிந்தவர் ஊருக்கு ஒரு ஓய்வுபெற்ற கிளார்க் ஹவில்தாரோ சுபேதாரோ இருப்பார். கலெக்டர் நடத்தும் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் நிற்பவரும் அவர்தான். எந்த நிதியறிக்கையிலும் இந்த உழைப்பு ஏறுவதில்லை. கொங்குப் பகுதியில் படைவீரர் தொண்டு என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டுமானால் இதையே முதலில் காட்டவேண்டும்.

முப்பத்தைந்து, நாற்பது வயதில் பட்டாளம் விடுபவனுக்குப் பென்சன் மட்டும் போதாது. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10, குரூப் டி பணிகளில் 20 விழுக்காடு அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 1986-ல் தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ பெரும்பாலும் காவல் பணிகளுக்கு ஆள் அனுப்புகிறது. பஞ்சாலைகளும் சாயப்பட்டறைகளும் கல்லூரிகளும் வங்கிகளும் நிறைந்த கொங்கு மண்டலத்தில் வாசல் காவலுக்குப் பட்டாளத்துக்காரர் என்றால் தனி மதிப்பு. மதிப்பு உண்டு, ஆனால் சிக்னல் பிரிவிலும் பொறியாளர் பிரிவிலும் இருபது ஆண்டு கற்ற கைக்கு வாசல் காவல் சரியான இடமல்ல. 2003 ஏப்ரலில் வந்த முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் கோவை போன்ற நகரங்களில் பாலிகிளினிக்குகளைத் திறந்து, வயதானவர்களின் பெரிய கவலையை ஓரளவு குறைத்தது.

1973-ல் மூன்றாவது ஊதியக்குழு படைவீரர் ஓய்வூதிய விகிதத்தைக் குறைத்ததிலிருந்து, ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்ற கோரிக்கை சங்கங்களை ஒன்று சேர்த்தது. முன்னால் ஓய்வு பெற்ற சுபேதார், பின்னால் ஓய்வு பெற்ற நாயக்கைவிடக் குறைவாக வாங்கும் நிலை யாருக்கும் விளக்கம் தேவைப்படாத அநீதி. 2008 முதல் பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தும் டில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தும் நடந்த போராட்டத்தின் பின், 2015 செப்டம்பர் 5-ல் அரசு அதை அறிவித்து 2014 ஜூலை 1 முதல் கணக்கிட்டது. விடுமுறை நாளில் பஜனை மடத்தில் கூடிப் பேசிய வட்டச் சங்கங்களுக்கு இது புது அனுபவம். தானமாகக் கேட்டுப் பழகியவர்கள் உரிமையாகக் கேட்டு வாங்கினார்கள். கரியப்பா ஓய்வு பெற்ற ஜனவரி 14 இப்போது முன்னாள் படைவீரர் தினம். அது பொங்கலையோ போகியையோ ஒட்டி வருவதால் தமிழ்நாட்டில் விழா சற்று அடங்கியே நடக்கிறது.

ஓய்வூதியம் 'ஸ்பர்ஷ்' என்ற இணைய முறைக்கு மாறியபின், ஆண்டுதோறும் உயிர்வாழ்வுச் சான்றைக் கைரேகையோ முகப்பதிவோ கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலின் ரேகை கருவியில் விழாது. சங்கங்களின் காகித வேலை கைபேசி வேலையாகியிருக்கிறது. 2024 சுதந்திர தினத்தில் தமிழ்நாடு முதல்வர் அறிவித்து 2025 ஆகஸ்டில் தொடங்கிய 'காக்கும் கரங்கள்' திட்டம், முன்னாள் வீரர் தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை கடனும் அதில் 30 விழுக்காடு மூலதன மானியமும் 3 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. காவல் வேலையைத் தாண்டி வழிகாட்டும் முயற்சி என்ற அளவில் இது வரவேற்கத்தக்கது.

2022 ஜூனில் வந்த அக்னிபாத் திட்டத்தில் சேர்வோர் நான்கு ஆண்டு சேவை முடித்ததும் நாலில் ஒரு பங்கினரே படையில் தொடர்வர். மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய்ச் சேவை நிதி உண்டு. ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. அவர்களில் முதல் அணி 2026 இறுதியில் வீடு திரும்பத் தொடங்குகிறது. 1946-ல் திரும்பியவர்களைப் போலவே இவர்களும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள். காவல், துணை ராணுவப் பணிகளில் அவர்களுக்கு ஒதுக்கீடுகள் அறிவிக்கப்பட்டுள்ளன. மாவட்ட வாரியங்களின் சட்டதிட்டங்களும் சங்கங்களின் உறுப்பினர் விதிகளும் அவர்களை ஏற்கும்படி திருத்தப்பட வேண்டும்.